அவசரமில்லாமல் ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி பயணக் கேள்விகளாகிவிடும். இந்த முறை பலரும் கேட்டிருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: இலையுதிர்காலத்தில், பழங்காலத்துக் கிராமப் பக்கம், காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி ஓர் இடம் வேண்டும், மூச்சு வாங்காமல் சுற்ற வேண்டும். வருடம் முழுக்க ஒரே வெயிலும் ஒரே மழையும் பார்க்கிற சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, நவம்பர் கடைசியில் பிள்ளைகளோடு ஒசாகா போகிறோம். தீம் பார்க், கடைவீதி, கியோத்தோ என்று எல்லா நாளும் நிரம்பிவிட்டது, ஒரே ஒரு நாளைக் காலியாக வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கூட்டமில்லாமல் வயல்வெளி, பழைய கோயில் என்று மெதுவாகச் சுற்ற வேண்டும். பெரியவனுக்கு 13 வயது, சின்னவளுக்கு 9. எங்கே போகலாம்?
(செங்காங் வாசகி)

அசுகா போங்கள். நாரா நகரத்துக்குத் தெற்கே இருக்கிற சின்ன கிராமம். ஒசாகாவின் அபெனோபாஷி நிலையத்தில் கிந்தெத்சு ரயில் ஏறினால் முக்கால் மணி நேரம் போல ஆகும். கிந்தெத்சு தனியார் ரயில், அதில் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ஜேஆர் பாஸ் செல்லாது, தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். இதை நிலையத்து வாசலில் போய் நின்ற பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர்.

கியோத்தோ, நாரா இரண்டும் தலைநகராகும் முன்பே ஜப்பானின் ஆட்சி நடந்த இடம் இது. 592 முதல் 694 வரை அரண்மனைகள் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் மாறி மாறி எழுந்தன. மரத்தால் கட்டியவை என்பதால் இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. மிஞ்சி நிற்பது கல்தான். நெல் வயலுக்கு நடுவில், காய்கறிப் பாத்தி ஓரத்தில், யாரோ ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் என்று 1,300, 1,400 வருடத்துக் கற்கள் சும்மா கிடக்கின்றன. 1980இல் இந்த ஒரு கிராமத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டு, பழைய நிலக்காட்சி கெடாமல் காப்பாற்றி வருகிறார்கள். அதனால் உயரமான கட்டடம் எதுவும் கண்ணில் படாது; ஓட்டு வீடு, வயல், மூங்கில் தோப்பு, பின்னால் மலை, அவ்வளவுதான்.

அசுகா நிலையத்தில் இறங்கியதும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மேடு பள்ளமான ஊர், பெரியவர்கள் மின்சார சைக்கிளே எடுத்துக்கொள்ளுங்கள், இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. சின்னவள் உயரத்துக்குச் சைக்கிள் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஊரைச் சுற்றிவரும் சிற்றுந்து இருக்கிறது.

உங்கள் பெரியவனுக்கு இந்த ஊரை ஒரு கொலைக் கதையாகச் சொல்லுங்கள், கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவான். அந்தக் காலத்தில் சோகா என்ற குடும்பம் அரசரையே ஆட்டிவைத்தது. அதில் பெரிய ஆள் சோகா நோ உமாக்கோ. கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து வந்த பௌத்தத்தை ஆதரித்து, ஜப்பானின் முதல் பெரிய பௌத்தக் கோயிலான அசுகாதெராவைக் கட்டியவர். 609இல் செய்த வெண்கலப் புத்தர் இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தீயில் சேதமாகி, ஒட்டுப்போட்டுச் சரிசெய்த தழும்புகள் முகத்திலேயே தெரியும். பளபளப்பான சிலைகளைவிட எனக்கு இந்த முகம்தான் பிடிக்கும். பெரும்பாலான ஜப்பானியக் கோயில்களில் உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், இங்கே விடுகிறார்கள். உமாக்கோவின் பேரன் பெயர் இருக்கா. 645இல் அரண்மனைக்குள் பேரரசியின் கண்ணெதிரே அவனை வெட்டிப் போட்டார்கள், சோகா குடும்பத்தின் ஆட்டம் அதோடு முடிந்தது. அவன் தலைக்கு எழுப்பியதாகச் சொல்லப்படும் சின்னக் கல் தூண் அசுகாதெராவின் மேற்குப் பக்கம், வயலோரத்தில் நிற்கிறது. தாத்தாவின் கல்லறை என்று பரவலாக நம்பப்படும் இஷிபுத்தாய் அங்கிருந்து கொஞ்ச தூரம் சைக்கிள் மிதித்தால் வந்துவிடும். மேலே இருந்த மண்மேடு எப்போதோ கரைந்துபோய், சுமார் 30 பாறைகளை அடுக்கிய அறை மட்டும் வெட்டவெளியில் நிற்கிறது. கூரைக் கல் ஒன்று மட்டுமே 77 டன் எடை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உள்ளே இறங்கி நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

சின்னவளுக்கு ஆமைக்கல். ஆமை மாதிரி செதுக்கிய பெரிய பாறை, இப்போது தென்மேற்கைப் பார்த்தபடி இருக்கிறது. அது மேற்கே திரும்பிவிட்டால் இந்தச் சமவெளி முழுக்கச் சேற்றுக் கடலாகிவிடும் என்று ஊரில் கதை சொல்வார்கள். திரும்பியிருக்கிறதா என்று அவளே சரிபார்க்கட்டும்.

இவ்வளவு போதும். நேரம் மிஞ்சினால் அமகாஷி குன்றின் மேல் ஏறி உட்காருங்கள், 148 மீட்டர்தான், கிராமம் முழுவதும் கீழே தெரியும். நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். காலை ஒன்பதரைக்குள் ஊரில் இறங்கினால்தான் நாள் நிதானமாகப் போகும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மலை முழுக்கச் சிவந்த இலை வேண்டுமென்றால் அசுகா அதற்கான இடமில்லை. அங்கே இலையுதிர்காலம் என்பது அறுவடை முடிந்த வயல், மரத்தில் தொங்கும் சீமைப்பனிச்சைப் பழம் (பெர்சிமன்), வைக்கோல் எரியும் புகை வாசம். சிவப்புதான் முக்கியம் என்றால் பக்கத்து ஊரான சகுராய் போய், பேருந்தில் தன்சான் ஆலயத்துக்கு ஏறுங்கள். நவம்பர் நடுவிலிருந்து கடைசி வரை மேப்பிள் மரங்கள் உச்சத்தில் இருக்கும். அவற்றுக்கு நடுவே 13 அடுக்கு மரக் கோபுரம், 1532இல் திருப்பிக் கட்டியது, உலகத்தில் இந்த வகையில் எஞ்சியிருக்கும் ஒரே கோபுரம் அதுதான். இருக்காவைக் கொல்ல அன்றைய இளவரசர் ஒருவரும் அவர் கூட்டாளி கமதாரியும் கூடித் திட்டம் போட்ட மலையும் இதுதான் என்பார்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். பிள்ளைகளைக் கேட்டு ஒன்றை முடிவு செய்யுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். ஜப்பான் கிராமத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? குளிர் வேறு எப்படி இருக்கும்?
(புக்கிட் பாத்தோக் வாசகி)

சாப்பாடு கொஞ்சம் சிரமம்தான். வெறும் காய்கறி மாதிரி தெரியும் குழம்பிலும் நூடல்ஸ் சாற்றிலும் மீன் கொதிக்கவைத்த சாறு இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மீன் வரும், "மீன் வேண்டாம்" என்று சொன்னாலும் அந்தச் சாறு வரும். தேக்காவில் புளியோதரைப் பொடியும் ஊறுகாயும் வாங்கிப் போங்கள், வெந்த சோறு அங்கே எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும், காலையில் கிளறிக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது, கோழிக் கறிபஃப் ஒன்று பையில் இருந்தாலும் பறிமுதல்தான், இது சைவம் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்.

குளிர் பகலில் 13, 14 டிகிரி, ராத்திரி இன்னும் இறங்கும். ஒரே கனமான கோட்டைவிட மூன்று மெல்லிய உடுப்பு மேல். சைக்கிள் ஓட்டினால் கையுறை கட்டாயம்.

மகள் லண்டனில் படிக்கிறாள். அக்டோபர் நடுவில் நானும் மனைவியும் போகிறோம். காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களைப் பார்க்காமல் வராதீர்கள் என்கிறார்கள். ஒரே நாளில் ஐந்து கிராமம் காட்டும் பேருந்துச் சுற்றுலா ஒன்று பார்த்தேன், எடுக்கலாமா? கார் ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.
(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

வேண்டாம் அண்ணே. ஐந்து கிராமம் என்றால் பேருந்தில் ஏறுவதும் இறங்குவதும் கழிப்பறை தேடுவதுமாகப் பொழுது போய்விடும். பைபரி என்ற கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்று ஒரு குடிசை வரிசை, 1380 வாக்கில் மடத்துக் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றியது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனைச் சுற்றுலாக் கூட்டமும் அங்கேதான் குவிகிறது, உங்கள் படத்தில் குடிசையைவிடத் தலைகள் அதிகம் விழும்.

லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறி மோர்டன்-இன்-மார்ஷில் இறங்குங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், மாற வேண்டியதில்லை. அந்தப் பக்கத்துக் கட்டடம் எல்லாம் ஒரே தேன் நிறம், சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லுக்குப் பின்னால் இருந்த பணம் ஆட்டு ரோமப் பணம். நடுக்காலத்தில் இந்தக் குன்றுகளில் மேய்ந்த ஆடுகளின் கம்பளிக்கு ஐரோப்பா முழுக்கக் கிராக்கி, வியாபாரிகள் சம்பாதித்ததைக் கொண்டுபோய் ஊருக்கு மீறின தேவாலயங்களைக் கட்டினார்கள்.

ஊரிலிருந்து வயல்வரப்பு வழியாக அரை மணி, முக்கால் மணி நடந்தால் பாட்ஸ்ஃபோர்ட் மரத்தோட்டம். இலை பார்க்க இதுதான் இடம். இதை உருவாக்கியவர் 1860களில் ஜப்பானில் தூதரகத்தில் வேலை பார்த்த மிட்ஃபோர்ட். ஊர் திரும்பியும் ஜப்பான் மனதைவிட்டுப் போகவில்லை போல, ஜப்பானிய மேப்பிளும் மூங்கிலும் நட்டு, வெண்கலப் புத்தர் ஒன்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். இங்கிலாந்துக் குன்றில், சிவந்த மேப்பிளுக்குக் கீழே புத்தர்.

அதைவிட விசித்திரம் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் செசின்கோட் மாளிகை. தூரத்தில் பார்த்தால் முகலாயர் கட்டிய கட்டடம் மாதிரி தாமிரக் குவிமாடம், நான்கு மூலையிலும் சிறு மண்டபங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்து பணத்தோடு திரும்பிய சார்ல்ஸ் காக்கரெல்லுக்கு அவர் அண்ணன் கட்டிக்கொடுத்தது, 1805 வாக்கில். தோட்டத்தில் சூரியன் சன்னதி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நந்திகள். இந்த வேலைக்கு ஆலோசனை சொன்னவர் தாமஸ் டேனியல் என்ற ஓவியர். நம் மதுரை நாயக்கர் மகாலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் 1790களில் நேரில் பார்த்து வரைந்தாரே, அவரேதான். அந்தப் பணம் எங்கிருந்து போனது என்று யோசித்துக்கொண்டே நந்தியைத் தடவிப் பாருங்கள், அனுபவம் வேறு மாதிரி இருக்கும். தோட்டம் எல்லா நாளும் திறப்பதில்லை, வாரத்தில் சில நாள், அதுவும் பிற்பகலில்தான். ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே அவர்கள் இணையத்தளத்தைப் பாருங்கள். டாக்சியும் முதல் நாளே சொல்லி வையுங்கள், அங்கே கையைக் காட்டினால் வண்டி நிற்காது.

அக்டோபர் நடுவில் ஆறு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிடுவார்கள், அதற்குப் பிறகு போனால் ஐந்துக்கு முன்பே இருட்டு. நடைபாதை தனியார் வயலுக்குள்ளேயே போகும், நடக்க உரிமை உண்டு, ஆனால் திறந்த கதவைத் திரும்ப மூட வேண்டும், ஆடு வெளியே வந்துவிடும். மழை பெய்திருந்தால் சேறு கணுக்கால் வரை. வெள்ளைக் காலணியை மகள் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

போன வருடம் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு கொரியா போனோம். "இலையுதிர்கால உலா" என்று போட்டிருந்தார்கள். ஒரு நாளில் ஏழு இடம். அதில் மூன்று கடை: ஜின்செங், அழகுப் பொருள், கடற்பாசி. மலையில் 25 நிமிடம்தான் விட்டார்கள். இது நியாயமா?
(ஈசூன் வாசகர்)

நியாயமில்லை, ஆனால் கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மற்ற நிறுவனங்களைவிட 300 வெள்ளி குறைவு என்று. அந்த 300 வெள்ளியைக் கடைக்காரர்கள்தான் கட்டினார்கள். அடுத்த முறை விளம்பரத்தைப் பார்க்காமல் பயணநிரலைப் பாருங்கள்: ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கிறதா? கடை நிறுத்தம் எத்தனை? எழுதாவிட்டால் கேளுங்கள், மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். என் கணக்கில் ஒரு நாளுக்கு ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. பேருந்து சன்னல் வழியாகப் பார்த்ததை நான் பார்த்ததாகச் சேர்ப்பதில்லை. நம்மவர்களுக்குக் கொடுத்த காசுக்கு எத்தனை இடம் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது, நிறுவனங்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

காய்ந்துபோன இலையைப் பார்க்க ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போவது எனக்குப் புரியவில்லை. அந்த இலை ஏன் அங்கே மட்டும் சிவக்கிறது, இங்கே சிவப்பதில்லை?
(அங் மோ கியோ வாசகர்)

இங்கேயும் சிவக்கிறது, நீங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை. வாதுமை மரத்தைப் பாருங்கள், மலாய்க்காரர்கள் கெத்தாப்பாங் என்பார்கள், சாங்கி கடற்கரையில் அகல அகலமான இலையோடு நிற்குமே. வருடத்துக்கு இரண்டு தடவை போல இலை முழுவதும் செம்பு நிறமாகிக் கொட்டும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழேயும் சில இடங்களில் இருக்கிறது, துப்புரவு ஊழியர்தான் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

குளிர் நாடுகளில் பகல் குறுகக் குறுக, மரம் குளிர்காலத்துக்குத் தயாராகிறது. இலையில் இருக்கும் பச்சையத்தை உடைத்து, அதிலுள்ள சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறம் முதலிலிருந்தே இலைக்குள் இருந்ததுதான், பச்சை விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, அது கடைசி நேரத்தில் புதிதாக உண்டாவது, இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து. பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் உறையாத குளிரும் சேர்ந்தால் சிவப்பு தூக்கலாக வரும். மேகமூட்டமாகவே இருந்த வருடத்தில் மங்கும். நம் ஊரில் பகல் பொழுது வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம், குளிரும் கிடையாது, எல்லா மரமும் ஒரே சமயத்தில் உதிர்க்க வேண்டிய அவசியமே இல்லை. செலவு வேண்டாமென்றால் சாங்கிக்குப் போங்கள், நாசி லெமாக்கும் அங்கே நன்றாக இருக்கும்.

மகளே, எனக்கு 74 வயது. முட்டி வலி. பிள்ளைகள் வெளிநாடு கூப்பிடுகிறார்கள், எனக்கு விமானம் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய நாளை நினைத்துக்கொண்டு, பச்சையாக, மேடு ஏறாமல் ஒரு நாள் போய்வர இங்கேயே இடம் சொல்லேன். என் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர்.
(தோ பாயோ வாசகர்)

ஐயா, உங்கள் அப்பா வேலை பார்த்த தண்டவாளத்துக்கே போய்விடலாம். மலாயா ரயில் ஓடிய பாதை இப்போது உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை. முழுவதும் யார் நடக்கப் போகிறார்கள்? நீங்கள் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி, பக்கத்திலிருக்கும் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்துக்கு மட்டும் போங்கள். 1932இல் தடத்தை மாற்றிப் போட்டபோது கட்டிய சின்னச் செங்கல் நிலையம். பழுதுபார்த்து 2022 ஜூலையில் திறந்துவிட்டார்கள். ஒரு துண்டுத் தண்டவாளத்தையும் விட்டு வைத்திருக்கிறார்கள். ஒற்றைத் தடம் என்பதால் ஓட்டுநர் ஓடும் ரயிலிலிருந்தே, தடத்தில் போக அனுமதியான சாவி வளையத்தைக் கொடுத்து வாங்குவாரே, அது இங்கே 2011 வரை நடந்தது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊழியர் குடியிருப்பைக் கோப்பி குடிக்கும் இடமாக மாற்றினார்கள். தரை சமதளம், கொஞ்சம் நடந்தால் இரும்புப் பாலம் வரும், அதன் மேல் நின்று கீழே போகும் வாகனங்களைப் பார்க்கலாம்.

2011 ஜூன் 30 இரவு, கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். அன்றைக்குத் தடத்தோரம் வந்து நின்றவர்களில் உங்களைப் போன்ற ரயில்வே வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பேரப்பிள்ளை ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அப்பா கதையை அங்கே உட்கார்ந்து சொல்லுங்கள், வீட்டு வரவேற்பறையில் சொன்னால் கேட்கமாட்டார்கள். காலை எட்டுக்குப் போய்ப் பதினொன்றுக்குள் திரும்புங்கள். நவம்பரில் பிற்பகல் ஆனால் இடிமழைதான், அந்தப் பாதையில் ஒதுங்க இடம் குறைவு.

தீபாவளிக்குத் திருச்சி போகிறோம். உறவினர் வீடு, துணிக்கடை, கோயில் தவிர ஒரு நாள் வேறு எங்காவது போகலாமா? இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியா என்றாலே கூட்டமும் ஹாரன் சத்தமும்தான்.
(பொங்கோல் வாசகி)

ஐப்பசியில் புதுக்கோட்டைச் சாலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மழை விழுந்து பொட்டல் எல்லாம் பச்சையாகி, குளத்தில் தண்ணீர் ஏறியிருக்கும். திருச்சியிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். முதலில் நார்த்தாமலை. பாறை மேல் விஜயாலய சோழீச்சரம், 9ஆம் நூற்றாண்டுக் கற்கோயில், கருவறை வட்டமாக இருக்கும். எதிரே குடைவரைகள், கீழே வயல், ஆள் நடமாட்டமே இருக்காது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இவ்வளவு சின்னதா என்பார்கள்.

பிறகு சித்தன்னவாசல். குகைக்குள் கூரையில் தாமரைக்குளம் தீட்டியிருக்கிறார்கள், பூப்பறிக்கும் ஆட்கள், மீன், யானை, எருமை எல்லாம் உண்டு, 9ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியம். நிறைய உதிர்ந்துவிட்டது, கண் பழக இரண்டு நிமிடம் இருட்டில் நில்லுங்கள். மலைக்குப் பின்பக்கம் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வெட்டிய தமிழ் எழுத்து. உங்கள் பிள்ளைகள் தமிழ் மொழிப் பாடத்தில் எழுதுகிற அதே மொழி. மழை பெய்திருந்தால் அந்தப் பாறை வழுக்கும், பாட்டியைக் கீழேயே உட்கார வைத்துவிடுங்கள்.

குடுமியான்மலை இருக்கிறது, கொடும்பாளூர் மூவர் கோயில் இருக்கிறது, இரண்டும் அருமையானவை. ஓட்டுநர் "எல்லாம் ஒரே ரவுண்டுல முடிச்சிரலாம் சார்" என்பார். விடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் புதுக்கோட்டை, அப்புறம் வீடு.

கையில் காசு இல்லை, லீவும் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. நானும் என் வருங்கால மனைவியும் எங்கே போகலாம்?
(உட்லண்ட்ஸ் வாசகர்)

சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். நுழைவுக் கட்டணம் கிடையாது, உங்கள் வீட்டிலிருந்து பக்கம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியாப் பக்கம் குளிருக்குத் தப்பி வரும் கரையோரப் பறவைகள் அங்கே இறங்கும், வடக்கே இலை உதிர்வதால் நமக்கு நேரடியாக வந்து சேர்வது இவைதான். ஒன்று கவனியுங்கள்: கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். தண்ணீர் வற்றியிருக்கும்போது பறவைகள் வெளியே சேற்றில் இரை தேடப் போய்விடும். ஏற்றத்தில் சேறு மூழ்கியதும் உள்ளே குளங்களுக்கு வந்து கூட்டமாக நிற்கும். காலையில் ஏற்றம் வரும் ஞாயிறாகத் தேர்ந்தெடுங்கள்.

திரும்பும்போது கிராஞ்சி போர் நினைவிடத்தில் இறங்கலாம். உடல் கிடைக்காமலே போன 24,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவர்களில் இருக்கின்றன. இந்தியப் படையினர் பெயர்கள் பத்தி பத்தியாக வரும், தமிழ்ப் பெயர்களும் தேடினால் கிடைக்கும். மரநிழலும் புல்வெளியும் நல்ல காற்றும் உண்டு.

தண்ணீர், தொப்பி, கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கை பூலோவில் முதலை இருக்கிறது, உண்மையாகவே, ஆகவே படம் எடுக்கிறேன் என்று நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம்.